அரிசி அந்து: தினமும் கொன்றும் ஏன் குறைவதில்லை?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: இரவு அடுக்களை விளக்கைப் போட்டதும் சாம்பல் நிறத்தில் ஒன்றிரண்டு சிறு பூச்சிகள் பறக்கின்றன. கண்டபோதெல்லாம் அடித்துக் கொல்கிறீர்கள், மருந்தும் தெளித்துவிட்டீர்கள், இரண்டு மாதமாக ஓயவில்லை. இவை அரிசியிலிருந்தே உண்டாகின்றனவா, பகலில் எங்கே போகின்றன, எத்தனை நாள் வாழும், அந்த அரிசியைச் சாப்பிடலாமா என்று நான்கு கேள்விகள். பிள்ளைக்கு இளைப்பு இருப்பதையும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். நான்கையும் தூண்டியது ஒரே ஆற்றாமை: இத்தனை கொன்றும் ஏன் குறையவில்லை? அந்த ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றவை தாமே அவிழும். நீங்கள் இன்றிரவு கொல்லும் பூச்சி தின்ன வேண்டியதையெல்லாம் தின்று முடித்துவிட்டது. அது கெடுதல் செய்த காலம் ஐந்தாறு வாரங்களுக்கு முன் தொடங்கி, சில நாட்களுக்கு முன் முடிந்துபோன ஒன்று.

நான் பூச்சியியல் படித்தவன். வேடிக்கை என்னவென்றால், வீடுகளில் எல்லோரும் ஒழிக்க நினைக்கும் இந்த அந்துப்பூச்சியைத் திட்டமிட்டு வளர்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. கரும்பில் இடைக்கணுப் புழுவையும் நெல்லில் குருத்துப் புழுவையும் கட்டுப்படுத்த விவசாயிகள் வாங்கிச் செல்லும் முட்டை ஒட்டுண்ணி அட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த அட்டையில் ஒட்டியிருப்பவை அரிசி அந்துவின் முட்டைகள். டிரைக்கோகிரம்மா என்ற, அரை மில்லிமீட்டர் கூட இல்லாத குளவி அவற்றுக்குள் தன் முட்டையை இடும். மூன்று நான்கு நாளில் முட்டைகள் கறுக்கும். ஏழெட்டு நாளில் அந்துப் புழுவுக்குப் பதிலாகக் குளவி வெளியே வரும். குளவியை வளர்க்க முட்டை வேண்டும், முட்டைக்கு அந்து வேண்டும். ஆகவே இந்தப் பூச்சிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பதை ஒரு கால்நடை வளர்ப்பவர் தெரிந்துவைத்திருக்கும் அளவுக்கு நாங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டியிருந்தது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது.

முதலில் ஓர் எச்சரிக்கை. படம் இல்லாமல், உங்கள் வர்ணனையை மட்டும் வைத்து இனத்தை அறுதியிட்டுச் சொல்ல என்னால் முடியாது. ரவையிலும் கம்பிலும் நூல் கட்டிக் கட்டி கட்டியாக இருந்தது என்று எழுதியிருப்பதால், அரிசி அந்துவாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். 1866இல் ஸ்டெயின்டன் விவரித்த, கார்சைரா செபலோனிகா என்ற அறிவியல் பெயர் கொண்ட பூச்சி. சுவரில் உட்காரும்போது இறக்கைகளை உடம்போடு ஒட்டி, கூரைபோல் மடித்துக்கொள்ளும். அப்போது ஒரு சென்டிமீட்டரை விடச் சற்றே நீளமாக, காய்ந்த உமி ஒட்டியிருப்பதுபோல் இருக்கும். இறக்கையில் புள்ளியோ பட்டையோ இராது. நரம்புகள் மட்டும் கொஞ்சம் கருத்துத் தெரியும். கைக்கண்ணாடி இருந்தால் தலையைப் பாருங்கள்: முகத்திலிருந்து மூக்குப் போல முன்னால் நீண்டிருந்தால் பெண், மொட்டையாக இருந்தால் ஆண். எங்கள் வளர்ப்புக் கூடத்தில் புதிதாகச் சேருபவர்கள் முதலில் பழகுவது இதைத்தான்.

வேறு என்னவாக இருக்கலாம்? இறக்கையின் வெளிப்பாதி செம்பு நிறத்திலும் உட்பாதி வெளிறியும் இருந்தால் அது பிளோடியா என்ற வேறோர் அந்து. கொட்டைகள், உலர்பழங்கள், மாவுகளில் வரும். வைக்கோல் நிறத்தில் இன்னும் சிறியதாக, பின்னிறக்கை ஓரத்தில் நீண்ட மயிர்க்கற்றையோடு இருந்தால் அது நெல் அந்து, அதாவது சிட்டோட்ரோகா. இதன் வாழ்க்கை முற்றிலும் வேறு. வயலில் கதிர் முற்றும்போதே முட்டை இட்டுவிடும். புழு ஒரு மணிக்குள் புகுந்து அந்த ஒரு மணியையே தின்று வளர்ந்து, வெளியேறும் வழியை வட்டமாக வெட்டி, மேல்தோலை மட்டும் மெல்லிய கதவாக விட்டுவைத்துவிட்டுக் கூட்டுப்புழுவாகும். வெளியிலிருந்து பார்த்தால் முழு நெல். கையில் எடுத்தால் சக்கை. 1760இல் பிரான்சின் ஆங்குமுவா பகுதியில் இது தானியக் களஞ்சியங்களை அழித்தபோது, பிரெஞ்சு அறிவியல் கழகம் துய்யமேல் து மொன்சோ, தியே என்ற இருவரை அனுப்பி ஆராயச் சொன்னது; தானியத்தைச் சூளையில் சூடாக்குவதை அவர்கள் அப்போதே பரிந்துரைத்தார்கள். சுவரில் சிமெண்டுத் துகள்போல் தட்டையான உறையைத் தொங்கவிட்டுக்கொண்டு, இரண்டு முனையிலும் தலைநீட்டி நகரும் புழுவைச் சிலர் இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அதற்கும் உங்கள் அரிசிக்கும் சம்பந்தம் இல்லை. அது சிலந்தி நூல், முடி, கம்பளித் துகள் ஆகியவற்றைத் தின்பது. ஜன்னலைத் திறந்துவைத்தால் மட்டும் வருகிறது, மூடினால் வருவதில்லை என்றால் அது வெளியே இருந்து விளக்குக்கு வரும் பூச்சி. அடுக்களையைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

சரி, அரிசி அந்து என்றே வைத்துக்கொண்டு பேசுவோம். அரிசி சூட்டில் வெந்து புழு உண்டாகிறது என்பது தவறு என்று உறுதியாகச் சொல்லலாம். முட்டை இல்லாமல் புழு இல்லை. அந்த முட்டை அரை மில்லிமீட்டர் அளவு, முத்து வெள்ளை, நீள்வட்டம். ஒரு சிசி கொள்ளளவில் 16,000 முதல் 18,000 முட்டைகள் அடங்கும் என்றால் அதன் சிறுமை விளங்கும். குழாயிலிருந்து தட்டில் கொட்டும்போது பொடிமணல்போல் சரசரவென்று ஓடும். ரவையில் நாலு முட்டை கிடந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஒரு பெண் பூச்சி நூறு முதல் இருநூறு வரை இடும். பெரும்பாலானவற்றை முதல் மூன்று நான்கு இரவுகளிலேயே இட்டுவிடும். தானியத்தின் மேல்தான் இட வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கில்லை. சாக்கின் நெசவு, டப்பா மூடியின் மரை, அலமாரிப் பலகை சேருமிடம் எல்லாம் அதற்குப் போதும். நம் ஊர் வெயில் காலத்தில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரிந்துவிடும். பொரிந்த புழு உணவைத் தேடி ஊர்ந்து, நூல் பருமன் இடைவெளியிலும் நுழையும். இறுக மூடிவைத்த டப்பாவிலும் எப்படி வந்தது என்று வியப்பவர்கள் மூடியைக் கழற்றி மரைக்குள் பார்க்க வேண்டும்.

புழுப்பருவம்தான் இதன் உண்மையான வாழ்க்கை. வெளிர் வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை. பிறந்ததிலிருந்தே வாயிலிருந்து நூல் விட்டுக்கொண்டே நகரும். குருணையையும் தூளையும் அந்த நூலால் பிணைத்து, தனக்கு ஒரு குழல்போல் செய்துகொண்டு அதற்குள்ளிருந்தே தின்னும். நீங்கள் கண்ட கட்டிகள் இவைதான். முழு அரிசியை விடக் குருணை, ரவை, மாவு, தவிடு ஆகியவை இதற்கு உகந்தவை. இளம்புழுவின் வாய்க்கு முழுமணி கடினம். பட்டை தீட்டாத அரிசியிலும் சிறுதானியங்களிலும் அதிகமாக வருவதற்குத் தவிட்டிலுள்ள சத்து ஒரு காரணம். பலர் இதை வைத்து "பூச்சி வந்தால் மருந்தில்லாத நல்ல தானியம்" என்கிறார்கள். பாதிதான் சரி. கடுமையான மருந்து இருந்தால் புழு பிழைக்காது என்பது உண்மை; ஆனால் எப்போதோ புகைமூட்டி, பிறகு கிடங்கில் மறுபடி முட்டை ஏறிய தானியத்திலும் புழு வரும். புழு இருப்பது இயற்கை வேளாண்மைக்குச் சான்றிதழ் ஆகாது. எங்கள் கூடத்தில் நாங்கள் தருவது என்ன தெரியுமா? உடைத்த கம்பு இரண்டரை கிலோ, பொடித்த நிலக்கடலை நூறு கிராம், கொஞ்சம் ஈஸ்ட். சிற்றுண்ணி வராமலிருக்கச் சிறிது கந்தகத்தூள். இவற்றைப் பிளாஸ்டிக் பேசினில் கலந்து, அரை சிசி முட்டையைத் தூவி, காடாத் துணியால் மூடி, கட்டிவிடுவோம். உங்கள் அலமாரியில் திறந்து கிடக்கும் கம்புமாவும் கடலையும் சேர்ந்தால் கிட்டத்தட்ட அதே பேசின்தான்.

ஈரம் இல்லாவிட்டால் வராது என்பதையும் முழுக்க நம்ப வேண்டாம். வண்டு வகைகள் பலவற்றுக்கு அது பொருந்தும். அரிசி அந்து வறட்சியைத் தாங்குவதில் கெட்டிக்காரப் பூச்சி. தானியத்தை எரித்துத் தன் உடம்பிலேயே நீரை உண்டாக்கிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த தானியத்தில் வளர்ச்சி மெதுவாகும், எண்ணிக்கை குறையும், அவ்வளவுதான். ஆண் புழுவைவிடப் பெண் புழு பெரிது, வளர நாளும் கூடுதலாக எடுக்கும். முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் புழுப்பருவம் ஏறத்தாழ நான்கைந்து வாரம். மலைப்பகுதிக் குளிரில் இது இன்னும் நீளும்.

முற்றிய புழு ஒன்றரை சென்டிமீட்டர் வரை வளரும். தின்பதை நிறுத்திவிட்டு இடம் தேடி அலையத் தொடங்கும். அந்தச் சில நாட்களில் தானியத்தின் மேற்பரப்பு முழுக்க வெள்ளை நூல்படலம் விரிந்துவிடும். சில புழுக்கள் டப்பாவை விட்டேறி அலமாரி மூலை, சுவர் விளிம்பு, நாள்காட்டியின் பின்புறம் வரை போய்ச் சேரும். கெட்டியான வெள்ளைக் கூடு கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகிப் பத்து நாள் அளவில் கிடக்கும். அந்தக் கூட்டைக் கையால் கிழிப்பதே கடினம். உள்ளே உருவாகும் பூச்சிக்கோ கடிக்கும் தாடை கிடையாது. அப்படியென்றால் எப்படி வெளியே வருகிறது? கூட்டைக் கட்டும்போதே, தலைப்பக்கம் ஒரு கோட்டளவுக்கு நெசவைத் தளர்த்தி வைத்துவிட்டுத்தான் புழு உறங்கப் போகிறது. வாரக்கணக்கில் தின்பதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஒன்று, இனி தான் எடுக்கப்போகும் உடம்புக்கு வேண்டியதை முன்கூட்டியே செய்துவைக்கிறது. இத்தனை பேசின்களைப் பார்த்த பிறகும் எனக்கு இது அலுக்கவில்லை.

முட்டையிலிருந்து பூச்சி வரை நம் சூட்டில் நாற்பது முதல் ஐம்பது நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் தூவிய முட்டைகள் கூட ஒரே நாளில் பூச்சியாவதில்லை என்பதுதான் உங்கள் சிக்கலின் மையம். எங்கள் பேசின்களில் நாற்பதாம் நாள் வாக்கில் முதல் பூச்சிகள் தலைகாட்டும். அறுபத்தைந்து, எழுபத்தைந்தாம் நாட்களுக்கிடையே உச்சத்தைத் தொடும். அதன்பிறகும் சில வாரம் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் மறந்துபோன ஒரே ஒரு கம்புப் பை, இரவுக்கு ஒன்றிரண்டு வீதம் இரண்டு மாதம் பூச்சி அனுப்பப் போதுமானது. அவற்றுள் நீங்கள் அடிப்பதற்கு முன்பே முட்டையிட்டவை அடுத்த சுற்றைத் தொடங்கிவைத்துவிடுகின்றன.

பூச்சியாக இருக்கும் காலம் ஒன்றிரண்டு வாரம். தானியத்தை அது தின்பதே இல்லை. கூடத்தில் தேனும் நீரும் சரிபாதி கலந்து, அதில் வைட்டமின் ஈ மாத்திரையைக் கரைத்துப் பஞ்சில் நனைத்து வைப்போம். முட்டை நன்றாகக் கிடைக்க அது உதவும். வீட்டில் ஒன்றுமே கிடைக்காவிட்டாலும், புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பிலேயே காலத்தை ஓட்டி முட்டையும் இட்டுவிடும். பகலில் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். எங்கும் போவதில்லை. டப்பாவுக்குப் பின்னால், பரணுக்கு அடியில், திரைச்சீலை மடிப்பில் அசையாமல் ஒட்டியிருக்கும். எங்கள் பேசின்களிலும் காலையில் மேலே கட்டிய காடாத் துணியைப் புரட்டினால் அடிப்பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சோதனைக் குழாயை மெல்லக் கவிழ்த்தால் ஒவ்வொன்றாக உள்ளே ஏறும், பறக்கக் கூட முயலாது. அதே பூச்சி இருட்டியதும் நிலைகொள்ளாது.

இருட்டில் நடப்பது என்ன என்பதில் ஒரு செய்தி உங்களுக்குக் காசு மிச்சப்படுத்தும். பெரும்பாலான அந்துகளில் பெண் மணத்தை வெளியிடும், ஆண் தேடி வரும். 1959இல் பட்டுப்பூச்சியிடம் முதன்முதலாகப் பிரித்தெடுத்த கவர்ச்சி மணமும் பெண்ணுடையதுதான். அரிசி அந்து சேர்ந்த கிளையில் முறை தலைகீழ்: ஆணின் இறக்கைச் சுரப்பியிலிருந்து மணம் கிளம்பும், கூடவே நம் காதுக்கு எட்டாத மீயொலியையும் அது எழுப்பும். பெண் அதை நோக்கிப் போகும். இவற்றின் செவி வயிற்றின் அடிப்பகுதியில் இருக்கிறது; வௌவாலின் ஒலியைக் கேட்டுத் தப்புவதற்கும் அதே செவி. இணையத்தில் விற்கும் "அடுக்களை அந்துப் பொறி"களில் பெரும்பாலும் இருப்பது பிளோடியாவின் பெண் மணம். அது அரிசி அந்துவை இழுக்காது. பொறியை மாட்டி, ஒட்டும் அட்டை காலியாக இருப்பதைப் பார்த்து "பூச்சி போய்விட்டது" என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விளக்குக்கு ஏன் வருகிறது என்பதில் இத்தனை உறுதியோடு பேச மாட்டேன். நிலவை வைத்துத் திசை அறியும் பூச்சி விளக்கை நிலவென்று எண்ணி ஏமாறுகிறது என்று பாடத்தில் படித்தோம். 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதிவேகக் கேமராவில் பறத்தலைப் படம்பிடித்து வேறொன்றைச் சொன்னது: வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் மேல்பக்கம் என்று கொண்டு பூச்சி தன் முதுகை விளக்கை நோக்கிச் சாய்க்கிறது, அதனால் விளக்கைச் சுற்றிவந்து சிக்கிக்கொள்கிறது. அருகில் நடப்பதை இது நன்றாக விளக்குகிறது. தொலைவிலிருந்து ஏன் வருகிறது என்பது இதனால் மட்டும் தீர்ந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் அடுக்களையைப் பொறுத்தவரை காரணம் இன்னும் எளியது: விளக்கைப் போட நீங்கள் உள்ளே போகும்போது அது ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. மருந்தடிப்பதை நிறுத்துங்கள், நூல்படலத்துக்குள் இருக்கும் புழுவையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது எட்டாது, உணவில் மட்டும் படியும். நாற்பது, ஐம்பது நாள் பின்னோக்கி எண்ணி, முதல் பூச்சியைக் கண்ட காலத்துக்கு முன் என்னென்ன வாங்கினீர்கள் என்று பாருங்கள். நூல் கட்டியதை வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்; கோழி வளர்ப்பவர் அருகில் இருந்தால் மகிழ்ந்து வாங்கிக்கொள்வார். சந்தேகமானதை உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள், அல்லது மொட்டை மாடியில் கறுப்பு விரிப்பின் மேல் மெல்லிசாகப் பரப்பி உச்சிவெயிலில் காயவையுங்கள். 50 டிகிரிக்கு மேல் சில மணி நேரம் நீடித்தால் முட்டையும் புழுவும் பிழைப்பது அரிது. ஆறியபின் மூடுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையைப் புழு துளைத்துவிடும். கண்ணாடியோ எவர்சில்வரோ நல்லது. அலமாரி இடுக்குகளைத் துடைப்பதை விடத் தூசி உறிஞ்சியால் இழுப்பது மேல். வெள்ளைக் கூடுகளை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுக்க வேண்டும்.

வீட்டு வைத்தியங்களில் வேப்பிலை ஓரளவு விரட்டும். உள்ளே வளரும் புழுவை அது வெளியேற்றாது, சரியாகக் காயாத இலை ஈரத்தையும் கொண்டுவரும். வசம்பு இவற்றில் வீரியமானது, பூச்சிகளின் இனப்பெருக்கத்தையே அது பாதிக்கிறது. ஆனால் அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை இருக்கிறது. துணியில் முடிந்து வையுங்கள், பொடித்துக் கலக்காதீர்கள். பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவுவது வண்டு முட்டைக்கு எதிராக நன்றாக வேலை செய்யும் பழைய முறை. ரவைக்கும் மாவுக்கும் பயன்படாது. போரிக் பவுடரைக் கலந்து, கழுவினால் போய்விடும் என்று சமைப்பது வேண்டவே வேண்டாம். கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் கொண்டுவருவது உயிரோடு விளையாடுவது. அதன் வாயுவால் உறங்கியபடியே குடும்பங்கள் இறந்திருக்கின்றன.

சாப்பிடலாமா என்பதற்கு என் பதில் பாதிதான். இந்தப் புழு கடிக்காது, நஞ்சு கிடையாது, அறியாமல் ஒன்றிரண்டு வெந்துபோயிருந்தால் பதறத் தேவையில்லை. புடைத்து, சலித்து, பலமுறை கழுவியபின் முழு அரிசியைப் பயன்படுத்தலாம். நூலும் எச்சமும் கலந்து வாடை ஏறிய மாவையும் ரவையையும் கழுவ முடியாது, அவற்றை விட்டுவிடுங்கள். ஒன்று மட்டும் அனுபவத்தில் அறிந்தது: இறக்கைச் செதில் தூள் மூச்சுக்கு ஆகாது. வளர்ப்புக் கூடங்களில் முகமூடி இல்லாமல் வேலை செய்தவர்களுக்குத் தும்மலும் இளைப்பும் வந்தது எல்லோரும் அறிந்த செய்தி. வீட்டில் பறக்கும் சில பூச்சிகளால் அந்த அளவுக்கு வருமா என்பதை, குறிப்பாக உங்கள் பிள்ளைக்கு இருக்கும் இளைப்பை வைத்து, மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

துப்புரவு செய்த பிறகும் சில வாரம் ஒன்றிரண்டு பூச்சிகள் தென்படும். சுவரில் தப்பிய கூடுகளிலிருந்து வருபவை அவை, கணக்கில் எடுக்காதீர்கள். ஏழு வாரம் கடந்தும் வந்தால் மூலம் இன்னும் வீட்டில் இருக்கிறது. அப்போது அடுக்களையை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் தேடுங்கள்: பூஜை அலமாரியில் படி நிறைய வைத்த அரிசி, கலசத்தடியில் பரப்பியது, கிளிக்கும் மீனுக்கும் வாங்கிய தீனி, பரணில் மறந்துபோன சத்துமாவு டின், குருவிக்கென்று வாசலில் கட்டிய நெற்கதிர்.